நாற்பத்தொரு ‘தான்’

மார்ச் 4, செவ்வாய்

மெய்ப்புப் பக்கங்கள் வந்துவிட்டன. பதிப்பாளரே மாடியேறி வந்து கொடுத்தார், ஒரு பழைய சட்டைப் பெட்டிக்குள் வைத்து. “டீச்சர், இருபதாம் தேதிக்குள்ள பிழை பார்த்துக் கொடுத்துடுங்க. அப்புறம் ஒரு கமா கேட்டாலும் கிடைக்காது.” சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறையில் பதிப்பகம் நடத்துகிறவர். பேச்சு மட்டும் இருபது மாடிக் கட்டடத்துக்கு உரியது.

அறுபத்தாறு வயதில் எனக்கு முதல் புத்தகம். என் சொந்தச் சரக்கு இல்லை, மொழிபெயர்ப்பு. மூலத்தை எழுதியவர் விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில நையாண்டிக்காரர். உலகம் அவருடைய தடித்த நாவல் ஒன்றைப் படித்துவிட்டு அவரை அலமாரியில் வைத்துவிட்டது. முப்பத்து நான்கு வருடம் நானும் ஆங்கில வகுப்பில் அதன் சுருக்கத்தையே நடத்தினேன். ஓய்வுக்குப் பிறகு நூலகத்தின் அடித்தட்டில் அவருடைய மற்ற எழுத்து கிடைத்தது: பத்திரிகைகளில் பொய்ப்பெயரில் எழுதிய துணுக்குகள், பாதியில் விட்ட பயணக்கதை, யாரும் சீண்டாத இந்தக் குறுநாவல். பெரிய நாவலில் மனிதர் கோட்டுப் பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு மேடையில் நிற்கிறார். சின்னப் புத்தகங்களில் காலரைத் தளர்த்திவிட்டு நம் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு பேசுகிறார்.

குறுநாவலில் ஒரு சீமாட்டி. தெருவில் வீடு வீடாகப் போவாள். சரியாகப் பதினைந்து நிமிடம் உட்காருவாள். எதையும் குறை சொல்ல மாட்டாள், பாராட்டுவாள். அவள் போன பிறகு அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு வாரம் சோறு இறங்காது. எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியம் வைத்திருக்கிறாள். ஆங்கிலத்தில் பார்த்தால் வெறும் பாராட்டு, வால்போல ஒட்டியிருக்கும் கடைசி இரண்டு சொல்லில் விஷம். அந்த வாலைத் தமிழில் கொண்டுவர முடியாமல் இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒருநாள் காலையில் பேனா தானாக எழுதியது: “நல்லாத்தான் இருக்கு.”

வகுப்பில் சொல்வதுபோல் சொன்னால்: “சமையல் நல்லா இருக்கு” என்றால் சமைத்தவர் சிரிப்பார். “சமையல் நல்லாத்தான் இருக்கு” என்றால் எழுந்து போய் உப்பு பார்ப்பார். இரண்டெழுத்து. அத்தனை வேலையும் அது செய்கிறது.

அக்கா காபி குடிக்க வந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தாள். “இவ்வளவு மெல்லிசாவா இருக்கும் புத்தகம்?” என்றாள்.

மார்ச் 5, புதன்

முப்பது பக்கம் பார்த்தேன். ஏழு பிழை. எல்லாம் ரகரம், றகரம்.

மார்ச் 9, ஞாயிறு

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதிப்பாளர் மூன்றாம் அத்தியாயத்தை ஒரு மாத இதழில் முன்னோட்டமாகப் போடச் சொல்லியிருந்தார். இதழ் நேற்று வந்தது. இன்று ஞாயிறு, வழக்கம்போல் அக்கா வீட்டில் சாப்பாடு. வழக்கம்போல் என்றால், கீழ்த்தளத்தில் அவள், மேல்தளத்தில் நான், மருந்துக்கடை வைத்திருக்கும் அவள் மகன் மனைவியோடு வந்துவிடுவான். சாப்பிடுவதற்கு முன் அவன் இதழை எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி படித்தான்.

சீமாட்டி முதல் வீட்டுக்குள் நுழைந்து, புது நாற்காலியைத் தடவிப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்கிறாள். அவன் நிறுத்தினான். அம்மாவைப் பார்த்தான். மறுபடி படித்தான். இரண்டாவது வீட்டில், “நான் யாரையும் குறை சொல்றவ இல்ல. குழந்தை நல்லாத்தான் வளர்ந்திருக்கு.” அவ்வளவுதான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். “சித்தி! அம்மாவை அப்படியே இறக்கிட்டீங்களே! மூச்சு விடுற இடம்கூட மாறல!” மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

எனக்கு அந்த நொடியில்தான் புரிந்தது. பேனா தானாக எழுதியதாம்! அறுபது வருடமாகக் காதில் விழுந்துகொண்டிருந்ததை எழுதியிருக்கிறது. அக்காவின் ‘தான்’. அக்காவின் ‘குறை சொல்றவ இல்ல’. வேண்டுமென்று செய்தேனா? இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் முழு சீமாட்டியும் அவள்.

அக்கா முகம் மாறவில்லை. இதழை வாங்கி மடித்து மேசை ஓரத்தில் வைத்தாள். “சாப்பாடு ஆறுது” என்றாள்.

மார்ச் 10, திங்கள்

அக்கா மேலே வரவில்லை. இரண்டு கோப்பைக்குக் காபி போட்டிருந்தேன்.

மார்ச் 13, வியாழன்

மூன்று நாள் பொறுத்தேன். இன்று நானே இறங்கிப் போனேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே ஆரம்பித்தேன்.

“அக்கா, அது நீ இல்ல. நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளைக்காரர் எழுதினது.”

“அந்த வெள்ளைக்காரர் என் அடுப்படியில உக்காந்தா எழுதினாரு?”

“அவர் எழுதினதுக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை தேடினேன். கிடைச்சது உன்னோடது.”

“என்னைக் கேட்டியா?”

துண்டை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“உன் வாசலுக்குப் புதுத் திரைச்சீலை போட்டப்போ நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன். அன்னிக்கு உனக்குச் சோறு இறங்கலயா?”

உடனே ‘சேச்சே’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தேன். அந்த ஒரு நொடி போதும் அவளுக்கு. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். பேசுவதைவிடப் பேசாததை நன்றாகக் கேட்பாள்.

“அறுபத்தொன்பது வயசு எனக்கு. நான் நல்லது சொல்றேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்டி. நீங்க எல்லாரும் அதை ஊசின்னு நினைச்சு வாங்கிக்கிட்டு, எனக்குத் தெரியாம துடைச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. ஒருத்தரும் சொல்லல. புத்தகத்துல பார்த்துத் தெரிஞ்சுக்கிறேன்.”

கதவு வரை வந்தாள். “இருபத்து நாலாம் தேதி கண் ஆபரேஷனுக்கு நீ வர வேண்டாம். அவன் கடையை மூடிட்டு வரேன்னுட்டான்.”

மார்ச் 14, வெள்ளி

ஒரு பழைய விஷயம் நேற்றிலிருந்து மனதில் சுற்றுகிறது. ஏழாம் வகுப்புக்கு நிகழ்காலம் நடத்தும்போது எப்போதும் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளையே உதாரணமாகப் போடுவேன். இவன் தினமும் பந்து விளையாடுகிறான், இவள் தினமும் பாடுகிறாள். ஒருமுறை, ‘இவள் தினமும் தாமதமாக வருகிறாள்’ என்று கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு சிரித்தது. அந்தப் பெண் அழுதுவிட்டாள். “உதாரணத்துக்குச் சொன்னேன்மா” என்று சமாதானம் செய்தேன். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

உதாரணத்துக்குள் மாட்டிக்கொண்டவருக்கு அது உதாரணம் இல்லை. அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். மரமண்டை.

மார்ச் 17, திங்கள்

காலையில் அக்கா மருந்து வாங்க வெளியே போனாள். படியிலிருந்து “பார்த்துப் போ அக்கா” என்றேன். திரும்பவில்லை. கண்ணில் புரை முற்றிவிட்டது, கடைசிப் படியைக் காலால் தடவித் தடவி இறங்குகிறாள். முன்பெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொள்வாள்.

இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருவர் வாயை மூடிக்கொண்டால் வீடு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது.

முடிவு செய்துவிட்டேன். எடுத்துவிடலாம். எல்லா ‘தான்’களையும் எடுத்துவிட்டு வேறு போடலாம். புத்தகம் கொஞ்சம் நொண்டும். நொண்டட்டும். எனக்கு இருக்கிற அக்கா ஒருத்தி.

எண்ணினேன். நாற்பத்தொரு இடம்.

மார்ச் 18, செவ்வாய்

“மிகவும் நன்று.” “வெகு நேர்த்தி.” “அழகாகவே இருக்கிறது.” கடைசியில் சொன்னதில் ‘ஏ’ வந்து உட்கார்ந்துகொண்டு அதுவும் குத்துகிறது. அதையும் எடுத்தேன். ஆறாம் அத்தியாயம் வருவதற்குள் சீமாட்டி, பள்ளி ஆய்வாளர் தலைமையாசிரியருக்குக் கொடுக்கும் நற்சான்றிதழ் மாதிரி ஆகிவிட்டாள்.

மார்ச் 19, புதன்

பன்னிரண்டாம் அத்தியாயம் மட்டும் பாக்கி. காலையிலிருந்து அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த அத்தியாயத்துக்காகத்தான் இந்த ஆள் மேல் எனக்கு இவ்வளவு பைத்தியம். தெருவிலேயே பகட்டாக இருந்த குடும்பம் ஒன்று நொடித்துப்போகிறது. குதிரை லாயத்துக்குப் பின்னால் ஒற்றை அறைக்குக் குடிபோகிறார்கள். தெருவில் இனிக்க இனிக்கப் பேசிய அத்தனை பேரும் அந்தப் பக்கமே தலை வைப்பதில்லை. சீமாட்டி ஒருத்தி மட்டும் போகிறாள். இருக்கும் ஒரே நாற்காலியில் உட்காருகிறாள். பதினைந்து நிமிடம் இல்லை, சாயங்காலம் வரை. கிளம்பும்போது அந்த அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பதினோரு அத்தியாயமாகச் சொல்லிவந்த அதே வாக்கியத்தைச் சொல்கிறாள். மூலத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. ஆனால் இந்த முறை அதில் விஷம் இல்லை. பெரிய நாவலில் தொள்ளாயிரம் பக்கத்தில் அவர் இப்படி ஓரிடத்திலும் செய்யவில்லை.

அக்கா கேட்டது மூன்றாம் அத்தியாயம் மட்டும். பன்னிரண்டு அவளுக்குத் தெரியாது. போய்ச் சொல்லலாமா? என்னவென்று? ‘கொஞ்சம் பொறு, கடைசியில் நீ நல்லவளாகிவிடுவாய்’ என்றா? அதற்கு அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

“மிகவும் அழகாக இருக்கிறது” என்று போட்டேன். முடிந்தது.

மார்ச் 20, வியாழன்

கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் குடையை சைக்கிள் கடையிலேயே விட்டுவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

பதிப்பாளர் போன்.

“டீச்சர், அந்த சீமாட்டிக்கு என்ன ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“கொஞ்சம் மாத்தியிருக்கேன்.”

“கொஞ்சமா? போன மாசம் இந்தம்மா வாயைத் திறந்தா எங்க கம்போசிங் பொண்ணு வேலையை விட்டுட்டுச் சிரிக்கும். இன்னிக்குக் கொட்டாவி விடுது. ஏன் இப்படி?”

“குடும்ப விஷயம்.”

“குடும்ப விஷயமா? அவங்க உங்களுக்குச் சொந்தமா?”

“ஆமாம்” என்றேன்.

“சரி, ஒன்னாம் தேதி அச்சுக்குப் போகுது. அதுவரைக்கும் யோசிங்க” என்றார். கமாகூடக் கிடைக்காது என்ற மனிதர். யோசிக்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

காலை ஏழு மணிக்கு வாடகைக் காரில் போனார்கள். ஜன்னலில் நின்று பார்த்தேன். அக்கா ஏறும்போது மேலே பார்த்தாளா? அந்தக் கண்ணுக்கு நான் தெரிந்திருக்கப்போவதில்லை.

பதினொன்றே காலுக்கு அவள் மகன் போன் செய்தான். “நல்லபடியா முடிஞ்சுது சித்தி. இருபது நிமிஷம்தான். வெளிய வந்ததும் டாக்டர்கிட்ட, ‘நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க’ன்னாங்க. அவரு முகம் போன போக்கைப் பார்க்கணுமே!”

அப்பாடா. உட்கார்ந்து இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தேன். சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை.

கீழே என்னை யாரும் கூப்பிடவில்லை. ரசம் வைத்து அவனிடம் கொடுத்தனுப்பினேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது.

மார்ச் 27, வியாழன்

அக்கா மகன் மேலே வந்தான். இரண்டு வாரம் அம்மா எதையும் படிக்கக் கூடாதாம், தொலைக்காட்சியும் கிடையாது.

“உங்க புத்தகத்தைப் படிச்சுக் காட்டச் சொல்றாங்க சித்தி. என்னல்லாம் எழுதியிருக்கீங்கன்னு ஒரு வரி விடாம கேட்டுட்டு அப்புறம் திட்டணுமாம். அரைகுறையா திட்டினா நியாயம் இல்லையாம்.”

திருத்திய பிரதியின் நகலைக் கொடுத்தேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதி. கேட்கட்டும். அவளுடையது ஒரு சொல்கூட அதில் இல்லை என்று அவளுக்கே தெரிந்துவிடும். கோபம் தணியும்.

மார்ச் 29, சனி

முற்பகல் பத்தரை. அக்கா மகன் பாதிப் படியிலிருந்து கத்தினான். “சித்தி, கூப்பிடுறாங்க. கோபமா இருக்காங்க. ஆனா இது வேற கோபம்.”

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என் காலடி கேட்டதும் ஆரம்பித்துவிட்டாள்.

“இவன் படிக்கிறது ரயில்வே அறிவிப்பு மாதிரி இருக்கு. அதை விடு, பெத்தது என் தப்பு. ஆனா இந்தப் பொம்பள அன்னிக்கு இப்படிப் பேசலையே? ‘வெகு நேர்த்தி’யாம். இது யாரு?”

“மாத்திட்டேன் அக்கா.”

“யாரைக் கேட்டு?”

“உனக்குக் கஷ்டமா இருந்துச்சுன்னு...”

“கஷ்டமாத்தான் இருந்துச்சு. அதுக்காக அவ நாக்கை அறுத்துடுவியா?”

மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கங்களை ஒழுங்குபடுத்தினான். அக்கா கையை நீட்டி அவனைத் தடுத்தாள்.

“அந்தக் கடைசி இடத்தைச் சொல்லு. அந்த ஒத்த ரூமு. ஒருத்தரும் எட்டிப் பார்க்கல, இவ மட்டும் போறா. சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கா. கிளம்புறப்போ என்ன சொல்றா? ‘மிகவும் அழகாக இருக்கிறது’. பொய்! முப்பது வருஷம் லைன்ல குரல் கேட்டவ நான். இப்படிப் பொய் சொல்றவ அந்த ரூமுக்குப் போயிருக்கவே மாட்டா. அது அழகா இல்லன்னு அவளுக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். பரிதாபப்பட்டா அவங்க செத்துடுவாங்க. அதனால என்ன சொல்லுவா தெரியுமா?”

அக்கா தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். அந்த அறை அவளுக்கு எதிரில் இருப்பதுபோல. மெதுவாகச் சொன்னாள்:

“நல்லாத்தான் இருக்கு.”

ஆயிரம் முறை கேட்டிருப்பேன் இதை அவள் வாயிலிருந்து. இப்படிக் கேட்டதில்லை. இல்லை, ஒவ்வொரு முறையும் இப்படியே சொன்னாளோ, எனக்குத்தான் காது இல்லையோ? அவள் மகன் பக்கத்தை மடியில் போட்டுவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்படித்தான் எழுதியிருந்தேன் அக்கா.”

“அப்புறம் ஏன்டி எடுத்த?”

நான் அழுதேன். அவள் அழ முடியாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். “நீ அழுது தொலை, எனக்கும் சேர்த்து” என்றாள்.

கிளம்பும்போது சொன்னாள். “அந்தத் திரைச்சீலை நிஜமாவே நல்லா இருந்துச்சு. அதைத்தான் சொன்னேன்.” பிறகு, வாயை மூட முடியாமல், “ஒரு பக்கம் நீளம்” என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

காலை முழுக்கக் கீழேயே இருந்தேன். எடுத்ததை எல்லாம் திரும்ப வைத்தோம். நான் படிக்க, அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சும்மா கேட்கவில்லை. “இங்க வேண்டாம். இவளுக்கு அந்த வீட்டு மேல அக்கறையே இல்ல. அக்கறை இல்லாத இடத்துல அவ தானை வீணாக்க மாட்டா” என்று மூன்று இடத்தில் வெட்டச் சொன்னாள். மூலத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்று இடத்திலும் ஆங்கிலத்தில் அந்த வால் இல்லை! நான்தான் ருசி கண்டு சேர்த்திருக்கிறேன். இத்தனை வருடம் நான் கவனிக்காததை, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் படித்திராதவள் காதாலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

ஆக, முப்பத்தெட்டு.

பதிப்பாளருக்குப் போன் செய்தேன். “உங்க சொந்தக்காரங்களுக்கு உடம்பு தேவலையா?” என்றார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அச்சுக்குப் போய்விட்டது. நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அக்காவுக்குக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். என்னைப் பார்த்தவுடன் முதல் வார்த்தை: “நீ எப்போ இவ்வளவு நரைச்ச?” மருத்துவமனை வரவேற்பில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இதுவும் ஊசியா?” என்று தணிந்த குரலில் கேட்டாள். இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை. வெளியே வந்து படியிறங்கும்போது, நன்றாகக் கண் தெரிகிறது, இருந்தும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 19, சனி

அடுத்த வேலையைத் தொடங்கியாகிவிட்டது. அவர் பொய்ப்பெயரில் எழுதிய கடிதங்கள்: ஒரு குமாஸ்தா தன் மேலதிகாரியின் பெருந்தன்மையைப் புகழ்ந்து ஊருக்கு எழுதுகிறான், படிக்கப் படிக்க அதிகாரியின் கஞ்சத்தனம் வெளியே வருகிறது. காலை எட்டுக்கே அக்கா வந்து உட்கார்ந்துவிட்டாள். முதல் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அதிகாரி பேசும் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இவருக்குக் குரலே இல்லையே. எங்க நிலையத்துல ஒரு மேலாளர் இருந்தாரு. லீவு கேட்டா, ‘உங்களை விட்டா இந்த இலாகாவே இல்லம்மா’ன்னு கண்கலங்குவாரு. லீவு மட்டும் கிடைக்காது. அவரைப் போட்டுக்கோ.”

“ஐயோ, வேண்டாம் அக்கா. ஒரு தடவை பட்டது போதும்.”

“அவரு போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆச்சு.”

“பிள்ளைங்க இருப்பாங்களே?”

“இருந்தா இருக்கட்டும். கேட்டுட்டுப் போடு. போன் நம்பர் என்கிட்ட இருக்கு.”

மேலாளர் மகளிடம் இப்போது பேசிக்கொண்டிருக்கிறாள். கால் மணி நேரமாகிறது. இரண்டு பேரும் சிரிப்பது இங்கே கேட்கிறது.